வாய் கொப்பளிக்கும் குண்டு

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு ரைபிள் கிளப் திறந்தார்கள். ஏ.சி. போட்ட கூடம், பத்து மீட்டர் தூரம், காற்றுத் துப்பாக்கி. வியர்க்காமல் சுடலாம். ஓய்வுபெற்ற போலீஸ் ஆர்மரர் என்பதால் என்னையும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னார்கள். இரண்டே நிமிடம்தான் என்று காதில் சொன்னார்கள். முதல் நிமிடம் மைக் வேலை செய்யவில்லை. இரண்டாவது நிமிடம் வந்திருந்த பெரியவர்களின் பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது. கிளப்பின் செயலாளர் ஒரு பல் டாக்டர். அவர் மட்டும் அக்கறையாக, குறி தப்பாமல் இருக்க எது முக்கியம், துப்பாக்கியா, தோட்டாவா, சுடுகிற ஆளா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் டிபன் வந்துவிட்டது. கேசரிக்கு முன்னால் நிற்கக்கூடிய கேள்வி உலகத்தில் இல்லை. அதனால் சொல்ல வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஆர்மரர் என்றால் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். என் சொந்தக்காரர்களுக்கே இது தெரியாது. போலீஸ் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து, துடைத்து, சோதித்து, பூட்டி வைப்பவன் ஆர்மரர். சுடுவது மற்றவர்கள். கல்யாணத்தில் பார்க்கிறவர்கள் எத்தனை ரவுடிகளைச் சுட்டீர்கள் என்று கேட்பார்கள். நான் வாழ்நாளில் சுட்டது காகிதத்தையும் மண்மேட்டையும்தான்.

எங்கள் குடும்பத்துக்குக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. ஆணி, தாழ்ப்பாள், பூட்டு. அண்ணன்கள் எல்லாரும் கல்லாவில் உட்கார, நான் மட்டும் போலீஸில் சேருகிறேன் என்றதும் அத்தா எடை போட்டுக்கொண்டிருந்த ஆணியைக் கீழே வைத்தார். பிறகு, "பூட்டு விக்கிறவன் வூட்ல பொறந்துட்டு, பூட்டுக்குள்ள இருக்கறத துடைக்கப் போறியாடா காதர்?" என்று கேட்டார். அப்போது அவமானமாக இருந்தது. இப்போது நினைத்தால், என் வேலையை அவ்வளவு சரியாகச் சொன்னவர் வேறு யாரும் இல்லை.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துப்பாக்கியைக் கழற்றினோம், மாட்டினோம். கழற்றும்போது இருந்த உறுப்புகள் மாட்டிய பிறகும் உள்ளே இருக்க வேண்டும், கையில் மிஞ்சக்கூடாது என்பதுதான் மொத்தப் பாடமும். சிலருக்கு அதுவே கஷ்டமாக இருந்தது. அவர்கள் பிற்காலத்தில் அதிகாரிகளானார்கள்.

வேலையில் எனக்கு அதிகம் வந்தவை கல்வராயன் மலையில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கிகள். சைக்கிள் கடையிலும் கொல்லன் பட்டறையிலும் கிடைக்கிற எதுவும் அதில் இருக்கும். கோர்ட்டுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இது சுடக்கூடிய நிலையில் உள்ளதா? அதைக் கையில் பிடித்துச் சுட்டுப் பார்க்க நான் ஒன்றும் பைத்தியக்காரன் இல்லை. மேசையில் கட்டிவைத்து, விசையில் கயிறு கட்டி, மணல் மூட்டைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இழுப்பேன். ஒருமுறை துப்பாக்கி அப்படியே இருந்தது, மேசை போய்விட்டது. சுடக்கூடிய நிலையில் இருந்தது என்று எழுதிக் கொடுத்தேன். இப்போதும் அந்த நிலையில் உள்ளதா என்று கூண்டில் நிற்கவைத்துக் கேட்டார் வக்கீல். மறுபடி பார்க்க வேறு மேசை வாங்கித் தர வேண்டும் என்றேன். மேசை வரவேயில்லை. வழக்கு எப்படி முடிந்ததென்று எனக்குத் தெரியாது.

மாவட்டம் பிரிந்து கள்ளக்குறிச்சிக்குத் தனி ஆயுதக் கிடங்கு வந்தபோது, ஆர்.ஐ.யாக, அதாவது ரிசர்வ் இன்ஸ்பெக்டராக, வந்தவர் தணிகாசலம். உளுந்தூர்பேட்டைக்காரர். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கேள்வி மட்டும் கேட்பார், மெதுவான குரலில். டீ குடித்தாயா என்று அவர் கேட்டால்கூடக் கிளாஸைக் கொண்டுவந்து சாட்சியாகக் காட்டத் தோன்றும். அவர் வந்த அன்றே ஒரு விதி போட்டார். சுடுதளத்தில் எந்தக் குண்டும் காகிதத்தில் படாமல் போகக்கூடாது. விளையாட்டுக்குச் சுட்டாலும், சோதனைக்குச் சுட்டாலும், எதிரே தாள் இருக்க வேண்டும். எதற்கு இந்த வீண் வேலை என்று நாங்கள் முணுமுணுத்தோம். அந்த மனிதருக்குத் தாள் கடையில் பங்கு இருக்கும் என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வந்ததுதான் அந்த மாட்டு வழக்கு.

வடக்கனந்தல் பக்கம் மக்காச்சோளக் காடுகளைக் காட்டுப்பன்றிகள் உழுதுகொண்டிருந்த சமயம். பன்றியைச் சுட ஒரு இலாகாவுக்கு அனுமதி கிடைத்தது. எந்த இலாகா என்று சொல்ல மாட்டேன். நான் பென்ஷன் வாங்குகிறவன். அந்த இலாகாவில் வெள்ளையன் என்று ஒரு தற்காலிகக் காவலர் இருந்தார். கல்வராயன் மலைக்காரர், நாற்பது வயதுக்கு மேல். குறி நன்றாகப் பார்ப்பார் என்று அவரிடமே ரைபிளைக் கொடுத்தார்கள். எங்கே கற்றுக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பழகிய நாட்டுத் துப்பாக்கியும் என் மேசைக்கு வந்திருக்கும்.

ஒருநாள் விடியற்காலையில் சோளக்காட்டு ஓரத்தில் பன்றி நின்றது. வெள்ளையன் சுட்டார். குண்டு பன்றியின் முதுகுக்கு மேலே போய், சோளத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் புதிதாகப் போட்டிருந்த மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்து, அஞ்சலை என்ற கூலிக்காரப் பெண்ணின் கறவை மாட்டைக் கொன்றுவிட்டது. அஞ்சலைக்கு நிலம் கிடையாது. புருஷனும் இல்லை. இருந்ததெல்லாம் அந்த மாடுதான். பன்றி சௌகரியமாக வீடு போய்ச் சேர்ந்தது.

மறுநாளே வெள்ளையன் மலையிலிருந்து தன் சொந்தக் கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு இறங்கி வந்து, அஞ்சலை வீட்டு வாசலில் கட்டிவிட்டுப் போய்விட்டார். வினை அங்கேதான் பிடித்தது. தப்பு செய்யாதவன் எதற்கு மாடு கொடுப்பான் என்று கேட்டது இலாகா. மாட்டையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். குடித்திருந்தார் என்று ஒருவரும், தூக்கக் கலக்கம் என்று ஒருவரும் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டிய வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. ரைபிளைச் சோதித்து அதில் குறையில்லை என்று நாங்கள் எழுதிவிட்டால், வெள்ளையனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதற்காகத்தான் ரைபிள் எங்களிடம் வந்தது.

ரைபிளோடு அந்த இலாகா அதிகாரியும் வந்தார். நிழலிலும் கூலிங்கிளாஸைக் கழற்றாதவர். ரைபிளை வாங்கியது, பராமரித்தது எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய உதவியாளர் ஒருவர் கையில் எண்ணெய்க் கேனுடன் பின்னாலேயே நடந்தார். தியாகதுருகம் தாண்டி, பாறைக்கு முதுகு காட்டிய சுடுதளம். விசாரணைக்கு உட்பட்டவர் உடனிருக்க வேண்டும் என்பதால் வெள்ளையனும் வந்திருந்தார். வேப்பமரத்தடியில், தன் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூட ரைபிளைப் பார்க்கவில்லை.

நல்ல ரைபிள் அது. அரசுத் தொழிற்சாலையில் செய்த வேட்டை ரைபிள். ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்துச் சுட வேண்டும். மரக்கட்டை பளபளவென்று இருந்தது. குழல் அதைவிடப் பளபளவென்று இருந்தது. உள்ளே பார்த்தால் முகம் தெரியும் என்றார் அதிகாரி. தெரிந்தது. தோட்டாக்கள் மூன்று ரகம் வந்திருந்தன. சம்பவத்தன்று சுட்ட பழைய பெட்டியில் மிச்சமிருந்தவை ஒன்று. அதே தொழிற்சாலையின் புதுப் பெட்டி ஒன்று. முனையில் ஈயம் தெரியும் வேட்டைத் தோட்டா ஒன்று.

ஒரே ரைபிள் ஒவ்வொரு ரகத் தோட்டாவையும் ஒவ்வொரு இடத்துக்கு அனுப்பும். மருமகள் மாமியார் வீட்டில் ஒரு குரலிலும் அம்மா வீட்டில் ஒரு குரலிலும் பேசுவதைப் போலத்தான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே ரகத் தோட்டாவை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்துக்கு அனுப்பினால்தான் குற்றம். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சோதனை.

சோதனையில் ஆளை முதலில் கழித்துவிட வேண்டும். மணல் மூட்டையில் ரைபிளைப் படுக்கவைத்து, தோள் அழுத்தாமல், மூச்சை விட்டு நிறுத்தி, விசையைப் பிழிவது போல இழுக்க வேண்டும். இழுக்கிறோம் என்று நமக்கே தெரியக்கூடாது. ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குழல் ஆற வேண்டும். தொட்டுப் பார்த்து, கையைச் சுட்டால் பீடி பிடிக்கலாம். நான் பீடி பிடிப்பதில்லை, அதனால் பொறுமையாகக் காத்திருந்தேன். கம்பத்தில் கட்டிய ரிப்பன் அசையாத நேரமாகப் பார்த்து அடுத்ததைச் சுட வேண்டும். தோட்டா ரகம் மாறும்போது குழலைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

எண்ணெய் விட்ட குழலில் முதலில் சுடுகிற குண்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அது குழலைச் சுத்தம் செய்துகொண்டு போகும். எங்கள் தொழிலில் அதற்கு வாய் கொப்பளிக்கும் குண்டு என்று பெயர். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் செய்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார். வழக்கமாக அதை மண்மேட்டில் சுட்டுவிடுவோம். ஆர்.ஐ. விதிப்படி அதற்கும் ஒரு தனித் தாள் மாட்டி வைத்திருந்தேன். எண்ணெய் விடுகிற வேலையை அதிகாரியின் உதவியாளர் எனக்கு விடவில்லை. அவர்கள் துப்பாக்கி, அவர்கள் எண்ணெய். குழந்தைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி ஆசையாக ஊற்றினார்.

ரைபிளின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. புதுப் பெட்டித் தோட்டா எல்லாம் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிற்று. ஈய முனைத் தோட்டா கொஞ்சம் தாழ்வாகப் போனாலும் ஒற்றுமையாகப் போயிற்று. பழைய பெட்டி மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது. அதுவும் பன்றியின் நெஞ்சுக்குப் போதும். அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். வேப்பமரத்தடியில் இருந்தவர் வேலை போனது நிச்சயம் என்று எனக்குத் தெரிந்தது. மனசு சங்கடப்பட்டது. சங்கடத்தை எழுத நான் நிரப்பும் படிவத்தில் இடம் கிடையாது.

ஆர்.ஐ. தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், மேசைக்கு அடியில் போட்டிருந்த தாளை எடுத்தார்.

"இன்னா பாய், இதுல ஒண்ணும் எழுதல?"

"அது வாய் கொப்பளிச்சது சார். கணக்குல வராது."

"மூணும் மூணு ரகத் தோட்டாதானே?"

"ஆமா சார்."

அந்தத் தாளில் மூன்று ஓட்டைகளும் பக்கம் பக்கமாக இருந்தன. கறுப்பு வட்டத்துக்கு ஒரு சாண் மேலே. சொல்லப்போனால் அன்றைக்கு முழுக்க நான் சுட்டதில் அவ்வளவு ஒற்றுமையாக விழுந்தவை வேறு இல்லை.

"பன்னிகிட்ட போயி, முதல் குண்டு கணக்குல வராது, ரெண்டாவதுக்குக் கொஞ்சம் நில்லுன்னு சொன்னா நிக்குமா பாய்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. தோட்டாவைச் சோதிக்க முதல் குண்டைக் கழிப்பது சரியான முறை. இப்போதும் சொல்கிறேன், சரியான முறை. ஆனால் காட்டில் வெள்ளையன் சுட்டது அந்த முதல் குண்டைத்தான். அவருக்கு இரண்டாவது குண்டு கிடைக்கவில்லை. நான் அத்தனை வருடமாக எதைக் கழித்துப் போட்டேனோ, அது ஒன்றுதான் அவர் வழக்கு. இதை இன்னொருவர், அதுவும் அந்தக் குரலில், கேட்டுத்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது.

ஆர்.ஐ. மறுபடி முதலிலிருந்து சுடச் சொன்னார். இந்த முறை பன்றிக்குக் கிடைக்கிற மாதிரி. அதிகாரியிடம் மிகுந்த மரியாதையோடு, உங்கள் ஆபீஸ் வழக்கப்படியே எண்ணெய் விடச் சொல்லுங்கள் என்றார். உதவியாளர் பெருமையாக விட்டார். ஒரு குண்டு மட்டும் சுட்டேன். ஒரு சாண் மேலே. துடைத்து, ஆறவைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி ஒன்று. அதே இடம். பிறகு நானே துணியைக் குழலில் விட்டு, துணி காய்ந்து வெளியே வரும் வரை துடைத்துச் சுட்டேன். கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. மூன்று ரகத்திலும் அப்படியே.

துப்பாக்கியை நன்றாக வைத்துக்கொண்டது குற்றமா என்று அதிகாரி கேட்டார். வைத்துக்கொள்வதற்கு எண்ணெய், சுடுவதற்குத் துணி என்றார் ஆர்.ஐ. அப்படியானால் அவன்தானே துடைத்திருக்க வேண்டும் என்று அதிகாரி வேப்பமரத்தைக் காட்டினார். ஆர்.ஐ. வெள்ளையனைக் கூப்பிட்டு, ஏன் துடைக்கவில்லை என்று கேட்டார்.

"துடைச்சேங்க, முன்ன ஒரு தபா. உள்ள பளபளப்பு கம்மியா கீதுன்னு மெமோ குடுத்துட்டாங்க. எண்ணெ இருக்கணும்னு உத்தரவுங்க."

அதிகாரி கூலிங்கிளாஸைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு உலர்த்தித் துடைக்கப்பட்ட இரண்டாவது பொருள் அது. ஆனாலும் அவர் விடவில்லை. அப்படியென்றால் இவன் மாட்டைக் கொடுத்தது எதற்கு என்று கேட்டார். வெள்ளையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க ஊர்ல அப்டித்தாங்க" என்றார்.

ரைபிள் நல்லது, தோட்டா நல்லது, சுட்டவர் மேல் குறையில்லை, எண்ணெய் அதிகம் என்று அறிக்கை போயிற்று. இலாகாவுக்கு எண்ணெய் மேல் நடவடிக்கை எடுக்க வழி தெரிந்திருந்தால் அதையும் சஸ்பெண்ட் செய்திருப்பார்கள்.

ரைபிளைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க என்னை அனுப்பினார்கள். ஆபீஸ் வாசலில் ஜீப் நிறுத்தும் இடத்தில் ஒரு சிவப்பு மாடு நின்றது. பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி ஒரு பெண். அஞ்சலைதான். வெள்ளையன் மேல் தப்பில்லை என்று முடிவாகிவிட்டதால், தப்பை ஒப்புக்கொண்டதாகக் கருதப்பட்ட மாட்டை அவரே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்கள். ஓட்டி வரச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். வடக்கனந்தலிலிருந்து வெயிலில் நடத்திக் கூட்டி வந்திருந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் ஆளில்லை. நீதி என்று வந்துவிட்டால் எங்கள் ஆபீஸ்களில் இம்மி பிசகாது.

அதிகாரி உத்தரவைப் படித்துக் காட்டினார். வெள்ளையன் வேலையில் சேருவதற்கான தாளில் கையெழுத்துப் போட்டார். மாட்டுத் தாளை அப்படியே திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தார். அதிகாரியும் தாளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் ரைபிளோடு வாசல்படியில் நின்றிருந்தேன்.

அஞ்சலை கயிற்றை நீட்டினாள். "தப்பு உங்கள்து இல்லன்னு சொல்லிட்டாங்கண்ணே. அப்புறம் நான் எப்டி இத வெச்சிக்கினு இருக்கறது?"

வெள்ளையன் கயிற்றை வாங்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார்.

"ரைபிளு தப்புன்னா ரைபிளா வந்து உனக்கு மாடு குடுக்கப் போவுது? ஓட்டிக்கினு போம்மா, வெயில் ஏறுது."

அவள் நின்றாள். அவரே கயிற்றை அவள் கையில் சுற்றிவிட்டு, மாட்டைத் திருப்பி விட்டார். அது வடக்கனந்தல் ரோட்டைப் பார்த்து நடந்தது. அஞ்சலை அதோடு போனாள், வெள்ளையன் மலைப் பக்கமாக நடையைக் கட்டினார். எத்தனையோ துப்பாக்கிக்கு நல்லது கெட்டது சொன்னவன் நான். அந்த மனிதருக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி மாட்டுத் தாளை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வாங்குவதற்கு அங்கே யாரும் இல்லை.